டி'குரூஸ் என்று அடித்தால் பால் சொசைட்டி சைட் படுத்துவிடுகிறது

கொழிஞ்சாம்பாறைக்காரன் – செவ்வாய், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். ஊர்ப் பக்கம் ஒரு பால் சொசைட்டியின் கணக்கு சைட்டை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். நான் எழுதியதல்ல. 2014-ல் ஒருவர் பிஹெச்பி என்ற நிரல் மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டார். காலை, மாலை இரண்டு வேளையும் அளந்த லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) எல்லாம் இதில்தான் ஏறும். கொரோனா சமயத்தில், உறுப்பினர்கள் வீட்டிலிருந்தே பாஸ்புக் பார்க்கட்டும் என்று இன்டர்நெட்டில் திறந்துவிட்டார்கள்.

இன்று ஒரு புது உறுப்பினர். தூத்துக்குடிக்காரர், இங்கே பெண் எடுத்து மாப்பிள்ளையாக வந்தவர், இரண்டு மாடு வாங்கியிருக்கிறார். பெயரின் பின்பாதி டி'குரூஸ். நடுவில் அந்த ஒற்றை மேற்கோளோடு அடித்து சேவ் அழுத்தினால் வெள்ளைத் திரை. எஸ்க்யூஎல் (டேட்டாபேசுக்குக் கட்டளையிடும் மொழி) சின்டாக்ஸில் தவறு, 'குரூஸ்' பக்கத்தில் பார் என்று ஒரு வரி, அதற்குக் கீழே முழுக் குவெரியும் (டேட்டாபேசுக்குப் போன கட்டளை) டேபிள் பெயரோடு. செயலாளர் "மாப்பிள்ளை பேரே நமக்கு ராசியில்லை போல" என்கிறார்.

எதைத் திருத்த வேண்டும்? (கட்டளைகளைத் தமிழிலேயே எழுதுகிறேன், நீங்களும் அப்படியே எழுதுங்கள். யாரும் அப்படியே காப்பியடித்து ஓட்டிப் பார்க்க முடியாது என்பதும் ஒரு வசதி.)

வேலந்தாவளம்_செக்போஸ்ட் – செவ்வாய், இரவு 9.20

இதற்கு ஏன் ஒரு இழை. சேவ் செய்வதற்கு முன்னால் மேற்கோள் குறியைத் தூக்கிவிடு. டிகுரூஸ். முடிந்தது.

ராத்திரி_ஷிப்ட் – செவ்வாய், இரவு 10.05

தம்பி, அவர் சொன்னதைச் செய்துவிட்டுத் தூங்கப் போய்விடாதீர்கள். மாப்பிள்ளை பெயரில் கோளாறு இல்லை, அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

உங்கள் சைட் டேட்டாபேசுக்கு அனுப்பியது இது:

இன்சர்ட் இன்டூ உறுப்பினர் (பெயர்) வேல்யூஸ் ('டி'குரூஸ்')

மைஎஸ்க்யூஎல் (உங்கள் டேட்டாபேஸ் மென்பொருள்) இதை வரிசையாகப் படித்துக்கொண்டு போகிறது. முதல் மேற்கோளில் பெயர் தொடங்குகிறது. டி-யை அடுத்த மேற்கோளில் பெயர் முடிந்துவிடுகிறது. அப்புறம் கிடக்கிற குரூஸ் அதன் கண்ணுக்குப் பெயரல்ல, கட்டளையின் ஒரு பகுதி. குரூஸ் என்று ஒரு கட்டளை இல்லாததால் நின்றது. அந்த இடத்தில் நிஜமான கட்டளையை ஒருவர் அடித்திருந்தால் நின்றிருக்காது. எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்பது இதுதான்.

சைட்டின் பிரதி ஒன்றை உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் போட்டு, அதில் மட்டும் இதைச் செய்து பாருங்கள். லாகின் பக்கத்தில் பயனர் பெயராக அட்மின் என்று அடித்து, ஒரு மேற்கோள், இரண்டு சிறு கோடு, கடைசியில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியை விட்டால் மைஎஸ்க்யூஎல் அந்தக் கோட்டை "இதற்கு மேல் வெறும் குறிப்பு" என்று எடுத்துக்கொள்ளாது. கடவுச்சொல்லில் வாய்க்கு வந்ததை அடியுங்கள். என்ன ஆனது என்று இங்கே சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன் – செவ்வாய், இரவு 10.48

அக்கா, உள்ளே போய்விட்டது. செயலாளர் பெயரில் வரவேற்கிறது. கை நடுங்குகிறது.

ராத்திரி_ஷிப்ட் – செவ்வாய், இரவு 10.55

அந்த இரண்டு சிறு கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த "அன்ட் கடவுச்சொல் = ..." முழுவதும் வெறும் குறிப்பாகிவிட்டது, அதனால்தான். தண்ணீர் குடித்துவிட்டு, வெளியே திறந்திருக்கும் பாஸ்புக் பக்கத்தை இன்றைக்கு இரவே மூடுங்கள். பால் அளப்பது சொசைட்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில்தானே, அது ஓடட்டும். மீதியை நாளைக்குப் பார்ப்போம்.

வேலந்தாவளம்_செக்போஸ்ட் – புதன், காலை 7.30

சரி, அதற்கும் நான் சொன்னதுதானே வழி? எல்லாக் கட்டத்திலும் மேற்கோளைத் தடுத்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? எங்கள் ஆபீசில் பத்து வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

ராத்திரி_ஷிப்ட் – புதன், காலை 8.10

பாஸ்புக் பக்கத்தின் முகவரியைப் பாருங்க. கடைசியில் எண்=41 என்று இருக்கும். உள்ளே குவெரியில் அது "வேர் எண் = 41". எண் என்பதால் மேற்கோளே போட்டிருக்க மாட்டார்கள். அங்கே 41-க்குப் பதிலாக "41 ஆர் 1=1" என்று யாராவது அடித்தால் ஊரில் உள்ள அத்தனை பேர் கணக்கும் வரும். "யூனியன் செலக்ட்" தெரிந்தவராக இருந்தால் பாலுக்குச் சம்பந்தமே இல்லாத டேபிளையும் ஒட்டிக்கொண்டு வருவார். கொழுப்பு சதவீதம் இருக்க வேண்டிய கட்டத்தில் செயலாளரின் கடவுச்சொல் வந்து உட்காரும். இதில் எங்கே மேற்கோள் இருக்கிறது, நீங்கள் தடுக்க?

பிழைச் செய்தியை மறைத்துவிட்டால் போதும் என்று அடுத்து யாராவது வருவீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைக்கத்தான் வேண்டும். ஆனால் திரையில் எதுவும் தெரியாவிட்டாலும், "முதல் எழுத்து க-வாக இருந்தால் 5 விநாடி தூங்கு" என்று டேட்டாபேசிடம் சொல்ல முடியும். பக்கம் தாமதமாக வந்தால் ஆம், உடனே வந்தால் இல்லை. ஆளுக்குச் சலிப்பாக இருக்கும், எழுதி வைத்த நிரலுக்குச் சலிப்பே கிடையாது.

சித்தூர்_மாஷ் – புதன், காலை 9.02

எழுத்தைத் தடுக்கும் இந்த வைத்தியத்தில் எனக்குப் பழைய காயம் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முன்பு ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சேர்க்கைப் படிவம் செய்தபோது, பாதுகாப்பு என்ற பெயரில் "எழுத்து மட்டும்தான் வரலாம்" என்று ஒரு விதி போட்டோம். யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் தரம்) எழுத்து என்று வகைப்படுத்தியது எதுவும் வரலாம், மற்றது கூடாது. தமிழில் உயிரும் ஆய்தமும் அகரமேறிய மெய்யும் மட்டும்தான் அந்த வகையில் வரும். புள்ளி, கால், கொம்பு, கொக்கி எல்லாம் குறி என்ற வேறு வகை. விளைவு, கண்ணன் வெளியே, ராஜா வெளியே, மீனாட்சி வெளியே. "சரவண" என்று பாதியில் நிறுத்தினால் உள்ளே போகலாம்! ஒரு வகுப்பு முழுக்கத் தமிழ்ப் பிள்ளைகள், ஒருவர் பெயரும் ஏறவில்லை.

மலையாளப் பெயர்களில் வேறு கூத்து. ராஜன், மோகனன் என்று முடியும் அந்தச் சில்லெழுத்துக்கு (உயிர் சேராத மெய்யின் தனி வடிவம்) 2008-ல் யூனிகோட் 5.1 வந்தபோதுதான் தனிக் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பெல்லாம் ந, மேலே சந்திரக்கலை (நம் புள்ளி மாதிரி), அப்புறம் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் என்று மூன்றாக அடிப்பார்கள். பழைய பட்டியல்களில் இன்றைக்கும் அப்படித்தான் கிடக்கிறது. "கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஆபத்து" என்று இணைப்பானை உருவிவிட்டால் சில்லு உடைந்து வேறு எழுத்தாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது. இரண்டு மொழியும் புழங்குகிற நம் தாலுகாவில் இந்த வடிகட்டி போட்டவர், ஊரில் பாதிப் பேரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்ட மாதிரி.

மாப்பிள்ளையின் மேற்கோளும் அவர் பெயரின் பகுதிதான். பேங்க் பாஸ்புக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்.

பொள்ளாச்சி_ரோடு – புதன், காலை 10.40

அண்ணா, 2014 கோடு (நிரல்) என்கிறீர்கள். பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை 2015 டிசம்பரில் வந்த பிஹெச்பி 7-லேயே தூக்கிவிட்டார்களே, இப்போது எப்படி ஓடுகிறது?

கொழிஞ்சாம்பாறைக்காரன் – புதன், காலை 10.52

போன வருடம் நான்தான் எல்லா இடத்திலும் கடைசியில் ஓர் "ஐ" சேர்த்து மைஎஸ்க்யூஎல்ஐ ஆக்கினேன். புதிய ஃபங்ஷன், பாதுகாப்பானது என்று நினைத்தேன்.

பொள்ளாச்சி_ரோடு – புதன், காலை 11.15

சிரிக்கவில்லை, என் முதல் வேலையும் அதுதான். ஐ சேர்த்து, இணைப்பையும் முதலில் கொடுத்தால் ஓடும், அவ்வளவுதான். சரத்தை ஒட்டி ஒட்டிக் குவெரி கட்டுகிற வரை ஓட்டை அப்படியே இருக்கும்.

வழி ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட். முதலில் கட்டளையை மட்டும் அனுப்புங்கள்:

இன்சர்ட் இன்டூ உறுப்பினர் (பெயர்) வேல்யூஸ் (?)

டேட்டாபேஸ் இதைப் படித்து, இங்கே ஒரு மதிப்பு வரும் என்று இடம் பிடித்து வைத்துக்கொள்ளும். பெயரை அப்புறம் தனியாக பைண்ட் செய்து (அந்த இடத்தோடு கட்டி) அனுப்புங்கள். கேள்விக்குறியைச் சுற்றி மேற்கோள் போடாதீர்கள். போட்டால் அது நிஜமாகவே கேள்விக்குறி என்ற எழுத்தாகிவிடும்.

மைஎஸ்க்யூஎல்ஐ-யிலேயே செய்யலாம், பிடிஓ-வுக்கு (பிஹெச்பியின் இன்னொரு டேட்டாபேஸ் இணைப்பு வழி) மாறினாலும் சரி. பிடிஓ என்றால் இரண்டு விஷயம்: இணைக்கும் வரியில் கேரக்டர்செட் யூடிஎஃப்8எம்பி4 என்று கொடுங்கள், எமுலேட் ப்ரிப்பேர்ஸை ஆஃப் செய்யுங்கள். மைஎஸ்க்யூஎல்லுக்கு அது இயல்பாகவே ஆனில் இருக்கும். ஆனில் இருந்தால் டேட்டாபேசுக்குத் தனித்தனியாகப் போகாது, பிடிஓ தானே மேற்கோள் போட்டு ஒட்டி அனுப்பும்.

ராத்திரி_ஷிப்ட் – புதன், பகல் 12.30

செயலாளருக்கு இதை விளக்க வேண்டியிருந்தால் சொசைட்டியின் அச்சடித்த சீட்டைக் காட்டுங்கள். அதில் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் யாராவது "இவருக்கு ஆயிரம் ரூபாய் கொடு" என்று எழுதினால் கேஷியர் கொடுப்பாரா? அதை ஒரு விசித்திரமான பெயர் என்றுதான் நினைப்பார். அச்சடித்தது முன்னாலேயே முடிந்துவிட்டது, பேனாவால் எழுதியது எதுவானாலும் கட்டத்துக்குள் இருக்கும் எழுத்து மட்டுமே. உங்கள் பழைய கோடு, வெள்ளைத் தாளில் ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல முழுச் சீட்டையும் கையால் எழுதுகிற ஏற்பாடு.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். 41 என்ற இடத்தைக் கேள்விக்குறியாக்கினாலும், 41-ஆம் உறுப்பினர் முகவரியில் 42 என்று மாற்றி அடுத்த வீட்டுக்காரர் கணக்கைப் பார்க்க முடியும். அது இன்ஜெக்‌ஷன் அல்ல, ஆனால் ஊரில் அதுதான் முதலில் சண்டையைக் கொண்டுவரும். யார் லாகின் செய்தாரோ அவர் எண்ணை செஷனிலிருந்து (லாகின் செய்தவர் யார் என்று சர்வர் வைத்திருக்கும் நினைவு) எடுங்கள், முகவரியிலிருந்து எடுக்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன் – வியாழன், இரவு 11.20

சரத்தை ஒட்டுகிற இடம் எத்தனை என்று தேடினேன். 63. இதுவரை 40 மாற்றிவிட்டேன். டி'குரூஸ் ஏறிவிட்டார், இன்று மாலை 6.2 லிட்டர் ஊற்றினார்.

ஒரு சந்தேகம். ரிப்போர்ட்டில் தலைப்பைத் தட்டினால் கொழுப்புப்படி, லிட்டர்படி வரிசை மாறும். அந்த "ஆர்டர் பை"-க்குப் பிறகும் கேள்விக்குறி போட்டேன். பிழை வரவில்லை, ஆனால் வரிசையும் மாறவில்லை.

பொள்ளாச்சி_ரோடு – வியாழன், இரவு 11.41

கேள்விக்குறி மதிப்புக்கு மட்டும்தான். டேபிள் பெயர், ஃபீல்டு பெயர், ஏறுவரிசை இறங்குவரிசை எல்லாம் கட்டளையின் உடம்பு, அதை பைண்ட் செய்ய முடியாது. நீங்கள் அனுப்பியது "கொழுப்பு என்ற சொல்லின்படி வரிசைப்படுத்து" என்று ஆகிவிட்டது. எல்லா வரிக்கும் அதே சொல், எதை எப்படி வரிசைப்படுத்தும், பாவம்.

கோடுக்குள் ஒரு சின்னப் பட்டியல் வையுங்கள். 1 என்று வந்தால் கொழுப்பு, 2 என்றால் லிட்டர், 3 என்றால் தேதி, வேறு எது வந்தாலும் தேதி. குவெரியில் போகும் சொல் உங்கள் பட்டியலிலிருந்து போகட்டும், பார்ப்பவர் அனுப்பிய சொல் ஒருபோதும் போகக் கூடாது.

பெயர்த் தேடலில் "லைக்" இருக்குமே, அங்கே சதவீதக் குறியைப் பெயரோடு சேர்த்து பைண்ட் செய்யுங்கள். "இன்" (இந்த எண்களில் ஒன்று) வந்தால் எத்தனை எண்ணோ அத்தனை கேள்விக்குறி. லாராவெல் மாதிரி ஃப்ரேம்வொர்க்குக்கு மாறினால் இதெல்லாம் பெரும்பாலும் தானாக நடக்கும். ஆனால் பெயரில் "ரா" என்று வருகிற ஃபங்ஷன்களில் நாமே ஒட்டினால் திரும்ப 2014-க்கே போய்விடுவோம்.

வேலந்தாவளம்_செக்போஸ்ட் – வெள்ளி, காலை 8.00

இவ்வளவு பாடு எதற்கு? மாதம் கொஞ்சம் கட்டினால் கிளவுடில் வெப் ஃபயர்வால் கிடைக்கிறது. யூனியன், செலக்ட் என்று எதைப் பார்த்தாலும் தடுத்துவிடும். அதுவும் இது 1998-லேயே ஹேக்கர்கள் எழுதிவைத்த பழைய வித்தை. இப்போது யார் இதைச் செய்கிறார்கள்?

ராத்திரி_ஷிப்ட் – வெள்ளி, காலை 8.35

ஃபயர்வால் போடுங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓட்டு வீட்டில் ஓடு உடைந்தால் மழைக்காலத்துக்குத் தார்ப்பாய் கட்டத்தான் செய்கிறோம். அதற்காக ஓடு மாற்றாமல் இருப்பதில்லை. அது எழுத்து வடிவத்தைப் பார்த்துத் தடுக்கிறது, அதே கட்டளையை வேறு வடிவில் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பழசு என்கிறீர்கள். 2023-ல் மூவ்இட் என்ற கோப்பு அனுப்பும் மென்பொருளில் நுழைந்து, உலகம் முழுக்கப் பல நிறுவனங்களின் தகவலை எடுத்தது இந்த வழியில்தான். 2015-ல் பிரிட்டனில் டாக்டாக் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் விவகாரம் தம்பிக்கு இன்னும் பொருந்தும். 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரம் போனது. ஓட்டை இருந்தது அவர்கள் எழுதிய பக்கத்தில்கூட இல்லை. 2009-ல் விலைக்கு வாங்கிய டிஸ்காலியின் பிரிட்டன் நிறுவனத்தோடு கூட வந்த பழைய வலைப்பக்கங்கள், இருப்பதே தெரியாமல் கிடந்தவை. மறு வருடம் 4 லட்சம் பவுண்டு அபராதம். யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பக்கம், புரிகிறதா?

சித்தூர்_மாஷ் – வெள்ளி, காலை 9.15

நம் நாட்டிலும் 2023-ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. நம் சொசைட்டிக்கு யாரும் 250 கோடி போடப் போவதில்லை. ஆனால் உறுப்பினரின் பேங்க் கணக்கு எண், போன் எண் அதில் இருக்கிறதே என்று செயலாளரிடம் சொல்ல அது உதவும்.

பிள்ளைகள் யாராவது இதைப் படித்துவிட்டு அடுத்த சொசைட்டி சைட்டில் மேற்கோள் அடித்துப் பார்க்காதீர்கள். அனுமதியில்லாமல் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை உள்ளே இருக்கலாம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன் – சனி, இரவு 8.50

அக்கா, திரும்ப விழுந்துவிட்டது. இன்று வாராந்தரப் பில் ஓட்டினேன். 112 பேருக்கு ஓடி, டி'குரூஸ் வந்ததும் அதே பிழை. ஆனால் இந்த முறை யாரும் எதையும் அடிக்கவே இல்லை! பெயர் டேட்டாபேசிலிருந்துதான் வருகிறது. உள்ளிருந்து வருவதை நம்பலாம் என்று பில் கோடை இன்னும் தொடாமல் வைத்திருந்தேன்.

ராத்திரி_ஷிப்ட் – சனி, இரவு 9.30

உள்ளே வந்தது எல்லாம் ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்ததுதானே தம்பி. இப்போது பெயர் மேற்கோளோடு சரியாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது, அது சரி. பில் நிரல் அதை எடுத்து இன்னொரு குவெரிக்குள் ஒட்டுகிறது. மாப்பிள்ளை பெயருக்குப் பதில் விஷமத்தனமான ஒன்று அமைதியாக ஏறியிருந்தால், சனிக்கிழமை இரவு பில் ஓடும்போது வேலையைக் காட்டியிருக்கும். செகண்ட் ஆர்டர் என்பார்கள். மீதி 23 இடத்தையும் மாற்றுங்கள். எது ஆபத்து, எது இல்லை என்று பிரித்துப் பார்க்காதீர்கள். மாற்றுகிற நேரம் பிரித்துப் பார்க்கிற நேரத்தைவிடக் குறைவு.

சைட் எந்தப் பயனராக டேட்டாபேசுக்குள் போகிறது?

கொழிஞ்சாம்பாறைக்காரன் – சனி, இரவு 9.34

ரூட். எல்லா உரிமையும் உள்ள பயனர்.

ராத்திரி_ஷிப்ட் – சனி, இரவு 9.50

நினைத்தேன். பாஸ்புக் பக்கத்துக்கு செலக்ட் மட்டும் உள்ள ஒரு பயனர், அதுவும் தேவையான டேபிள்களுக்கு மட்டும். பால் அளக்கும் பக்கத்துக்கு இன்சர்ட், அப்டேட். டேபிளை அழிக்கும் உரிமையும் கோப்பு எழுதும் உரிமையும் யாருக்கும் வேண்டாம். கோப்பு உரிமை இருந்தால் உங்கள் சர்வரில் ஒரு பிஹெச்பி கோப்பையே எழுதி வைத்துவிட முடியும், அப்புறம் பேச்சு டேட்டாபேசைத் தாண்டிவிடும்.

கடவுச்சொற்கள் டேபிளில் அப்படியே படிக்கிற மாதிரி கிடக்கும் என்று நினைக்கிறேன். பிஹெச்பியிலேயே பாஸ்வேர்டு ஹேஷ் (திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது) 2013 முதல் இருக்கிறது, அதற்கு மாற்றி எல்லோருக்கும் புதிய கடவுச்சொல் கொடுங்கள். ஏற்கெனவே யாராவது எடுத்திருந்தால்?

கொழிஞ்சாம்பாறைக்காரன் – ஞாயிறு, காலை 11.05

அதைத்தான் விடியும் வரை பார்த்தேன். ஆக்சஸ் லாக்கில் (யார் எந்த முகவரியைத் திறந்தார் என்ற பதிவு) யூனியன், ஸ்லீப், இன்ஃபர்மேஷன் ஸ்கீமா, பிறகு முகவரியில் மேற்கோளுக்குப் பதிலாக வரும் சதவீதம் 27 என்று தேடினேன். பாஸ்புக் பக்கத்தில் ஒரு இடத்தில் மூன்று முறை 41-க்குப் பின்னால் சதவீதம் 27 இருக்கிறது. மூன்றும் 500 பிழை, அப்புறம் ஆள் போய்விட்டார். ஆனால் லாக் 14 நாளுக்குத்தான் இருக்கிறது, அதற்கு முந்தையதை அழித்துவிடுகிறது.

பொள்ளாச்சி_ரோடு – ஞாயிறு, காலை 11.30

லாகின் பக்கம் போஸ்ட் முறையில் (முகவரியில் தெரியாமல்) அனுப்புகிறது என்றால் அடித்தது எதுவும் ஆக்சஸ் லாக்கில் வராது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லாக்கை 180 நாள் வைக்கச் சொல்லி செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரலிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. சம்பவம் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. செயலாளரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன் – அடுத்த சனி, இரவு 7.40

63-ம் முடிந்தது. செயலாளரிடமும் சொல்லிவிட்டேன், திட்டினார், பிறகு டீ வாங்கிக் கொடுத்தார். பில் 140 பேருக்கும் நிற்காமல் ஓடியது.

ஒன்றே ஒன்று. பயத்தில் நான் எல்லா இடத்திலும் எச்டிஎம்எல் ஸ்பெஷல்கேர்ஸ் (மேற்கோள் போன்றவற்றை பிரவுசருக்கான குறியீடாக மாற்றும் ஃபங்ஷன்) சேர்த்து வைத்தேன். இப்போது மாப்பிள்ளை கையில் கொடுத்த சீட்டில் அவர் பெயர் டி&#039;குரூஸ் என்று அச்சாகியிருக்கிறது. "இந்த 39 என்ன, என் உறுப்பினர் எண்ணா?" என்று கேட்கிறார்.

ராத்திரி_ஷிப்ட் – அடுத்த சனி, இரவு 8.15

அது பிரவுசருக்குக் காட்டும்போது மட்டும் வேண்டியது. சீட்டு பிரிண்டருக்கு எச்டிஎம்எல் தெரியாது, அங்கே மட்டும் எடுத்துவிடுங்கள். மாப்பிள்ளையைக் கோபித்துக்கொண்டு வேறு சொசைட்டிக்குப் போக விட்டுவிடாதீர்கள் தம்பி, இவ்வளவு நல்ல டெஸ்டர் சம்பளம் கொடுத்தாலும் கிடைக்க மாட்டார்.